கரிக்கட்டி என்று அம்மா சொன்னது

செந்தில், இதைப் படித்து முடிக்கும்வரை அம்மாவின் பதிவுகளில் எதையும் நீ திறக்கக் கூடாது. வழக்கமாக நலம் விசாரித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பேன். இந்த முறை அதற்கு மனம் ஒப்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய்: "அப்பா, அம்மா தினமும் பேசினது எல்லாமே பதிவாகியிருக்கு. அதுலேருந்து அம்மா குரலை எடுத்துட முடியும். நீங்க தனியா இருக்கீங்க. தினமும் சாயங்காலம் அம்மாவே உங்களுக்குப் போன் பண்ற மாதிரி செஞ்சு தர்றேன். நான் இன்னும் ஒண்ணுகூடக் கேக்கலைப்பா, மனசு வரலை. அடுத்த வாரம் லீவு போட்டுட்டு உக்காந்து எல்லாத்தையும் கேக்கப்போறேன்." நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். உனக்கு அது சம்மதம் போலக் கேட்டிருக்கும். மறுக்க வேண்டிய இடங்களிலெல்லாம் நான் யோசித்துச் சொல்வதாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன், பிறகு சொன்னதே இல்லை. இந்த முறை சொல்லியாக வேண்டும். அந்தப் பதிவுகளில் ஒன்றில் உன் அம்மா தன் நோயைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். உன்னிடம்தான் பேசுகிறோம் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள். உன் குரலும் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை நீ முதல்முறையாக அங்கே கனடாவில் ஒரு அறையில், தனியாக, காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவிடக் கூடாது.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். முயன்றேன். நீ பேசும்போது பக்கத்தில் என் பேத்தி பாப்பா ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கத் தொலைபேசித் துறையில் வேலை செய்தவன், முக்கியமான எதையும் தொலைபேசியில் சொல்லத் தெரியாதவனாக இருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன், அடித்து அடித்து. எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் நடத்தும் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. பெற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கலாமே என்று ஒரு எண்ணம். ஆனால் முதலில் உனக்குத்தான் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ சரியென்றால்தான் அவர்களிடம் கொடுப்பேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவேன், உன்மேல் வருத்தமும் இருக்காது.

உனக்கு நினைவிருக்கும் இடத்திலிருந்து வருகிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் நாம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் என் வேலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். மைன்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, பவர் ஹவுஸிலிருந்து அதிகாரிகள் வீட்டுக்கு என்று ஊருக்குள்ளேயே ஓடும் லைன்கள். புது எக்ஸ்சேஞ்ச் வந்தபோது, தப்பான எண்ணைச் சுழற்றினால் ஒரு குரல் பதில் சொல்கிற வசதியும் அதில் இருந்தது. குரல் யாருடையது என்று பேச்சு வந்தது. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவரத் தாமதமாகும் என்று எங்கள் அதிகாரி, "உங்க வீட்டம்மா நல்லாப் பேசுவாங்களேய்யா, கூட்டிட்டு வாங்க" என்றார். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், வீட்டில் 'இன்னா', 'வூடு' என்று பேசுகிறவள், மைக் முன்னால் நின்று சுத்தமாகச் சொன்னாள்: "நீங்கள் சுழற்றிய எண் உபயோகத்தில் இல்லை. தயவுசெய்து சரிபார்த்து மீண்டும் சுழற்றவும்." கொஞ்ச நாளுக்கு டவுன்ஷிப் முழுக்க அவளுக்குப் பெயர் 'ராங் நம்பர் அக்கா'. பஜாரில் காய் வாங்கப் போனால் கடைக்காரர், "அக்கா, ஒருவாட்டி சொல்லுக்கா, சரிபார்த்துச் சுழற்றவும்" என்பார். அவள், "மொதல்ல நீ தராசைச் சரிபாருய்யா" என்பாள்.

அந்தச் சமயம் அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், உன்னை என்னிடம் விட்டுவிட்டு அவள் ஊருக்குப் போகும்படி ஆனது. நீ அப்போது பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுப் பெண் அடுப்படியில் இருந்தாள். நீ போன் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்கு வந்த எண்ணைச் சுழற்றிவிட்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாய். "அம்மா, எப்பம்மா வருவ? அப்பா தோச தீஞ்சிபோவுது. அம்மா, நாந்தாம்மா." கொஞ்சம் நிறுத்திக் கேட்பாய். அவள் சரிபார்த்து மீண்டும் சுழற்றச் சொல்வாள். நீ மீண்டும் சுழற்றுவாய். நான் கதவருகே நின்று பார்த்தேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமையாக இருந்தது. நாம் பொருத்திய மெஷின் ஒரு குழந்தைக்கு அம்மாவாக இருக்கிறதே என்று. அடுத்த நாள் எக்ஸ்சேஞ்சில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அம்மா திரும்பி வந்ததும் அவளிடமும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "புள்ள அழுதுகினு எப்ப வருவன்னு கேக்குது. நான் என்னாடான்னா நம்பர் தப்பு நம்பர் தப்புன்னு சொல்லிக்கினு இருந்திருக்கேன். தூ, நான்லாம் ஒரு அம்மாவா? நாளைக்கே போயி அந்தக் கொரல எடுத்துடுங்க" என்றாள். "பார்க்கிறேன்" என்றேன். அதிகாரியிடம் கேட்க வேண்டுமே, என்ன நினைப்பாரோ என்று நாளைத் தள்ளினேன். அடுத்த எக்ஸ்சேஞ்ச் வரும்வரை அந்தக் குரல் அங்கேயேதான் இருந்தது. மெஷினைப் பேசவைக்கும் இந்தத் துறைக்கு நீ போனதற்கு நான்தான் காரணம் என்று மேடையில் பேசும்போதெல்லாம் சொல்கிறாய். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வரும். எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் நீ என்னிடம்?

நீ செய்தவை எல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடும் தேதியைக் கூப்பிட்டுச் சொல்கிற அந்தப் போனை நீ செய்தபோது, அம்மா முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்களிடம்கூட, "எம்மவன் செஞ்ச போனு அது, எடுத்துப் பேசு, கட் பண்ணிடாத" என்று சொல்லிக்கொண்டு வருவாள். அதனால் நீ வெளிநாடு போன பிறகு, போன வருஷத்திலிருந்து தினமும் சாயங்காலம் உன்னிடமிருந்து போன் வர ஆரம்பித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்துக்கு முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். "அவன் பாக்கவா போறான், பேச்சுதானே" என்பேன். "கேக்குங்க. பொட்டு இல்லாம பேசுனா கொரல்லயே தெரியும்" என்பாள்.

முதல் சில நாள் அந்தக் குரல் அவளை 'நீங்க' என்றது. "சாப்பிட்டீங்களாம்மா?" என்றது. நீ பிறந்ததிலிருந்து அம்மாவை 'நீ' என்றும் என்னை 'நீங்க' என்றும் பேசுகிறவன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாடா புதுசா மரியாத? உம் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா? நீங்கன்னா நான் போன வச்சிருவேன், ஆமா" என்றாள். மறுநாளே அது 'நீ' என்று மாறிவிட்டது. "பாத்தீங்களா, ஒரு அதட்டு போட்டேன், வழிக்கி வந்துட்டான்" என்று எனக்குச் சொன்னாள். எனக்கு அப்போதே மனம் உறுத்தியது. நீ என்றைக்கு, செந்தில், ஒரு அதட்டலுக்கு வழிக்கு வந்திருக்கிறாய்?

பிறகு கவனமாகக் கேட்டேன். அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் மனிதர்கள் தடுமாறுவார்கள். "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு" என்று இடித்துக்கொள்வார்கள். இந்தக் குரல் நறுக்கென்று நிறுத்தி வழிவிட்டது. குரலுக்குப் பின்னால் வீடு இல்லை. ஒரு பாத்திரம் விழவில்லை, பாப்பா கத்தவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ நிஜமாகவே வீடியோவில் பேசும்போது இதெல்லாம் இருக்கும். உனக்கு அவசரமும் இருக்கும். அம்மா என்னிடம், "ஞாயித்துக்கெழம செந்திலு வேற, மத்த நாளு செந்திலு வேறங்க. ஞாயித்துக்கெழமன்னா பொண்டாட்டி பக்கத்துல இருக்கா, அதான் மூஞ்சத் தூக்கிக்கினு கெடக்கான்" என்பாள். அவளுக்கு வாரநாள் மகனைத்தான் பிடித்திருந்தது. பேசுவது நீ இல்லை, நீ செய்த மெஷின் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைக் கேட்கவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை.

ஏன் என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். பிள்ளைக்கு வேலை அதிகம், ஏதோ தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறான் என்று ஒரு காரணம். அவள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று ஒரு காரணம். இரண்டும் பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் அவளிடம் கேட்பது எல்லாமே அளந்து வைத்த கேள்விகள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கேட் பூட்டியாச்சா. அவள் பதில் சொல்வதற்குள் பேப்பருக்குத் திரும்பிவிடுவேன். உன் மெஷின் அப்படி இல்லை. அவள் ஒன்றைச் சொல்லி நிறுத்தினால் அது "அப்புறம்மா?" என்று கேட்டது. உன் பேச்சு அது, அப்படியே எடுத்திருந்தாய். அந்த ஒரு சொல்லுக்கு அவள் எவ்வளவு பேசினாள் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னால் தைக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதை, உன்னைச் சுமந்தபோது தினமும் புளியங்காய் தின்றதை எல்லாம். அவற்றில் பாதி எனக்கே புதிது. கேட்கக் கூச்சமாக இருந்தது. அவள் பேச ஆரம்பித்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். உன்னை மட்டும் குற்றவாளியாக்கி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவளுக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டது என்றால், அது இந்த வீட்டில் நான் இப்படி இருந்ததால்தான்.

மழைக்காலம் முடிந்து, பொங்கலும் போன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கொடியில் துணி எடுக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே வலியில் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நான் உடனே உனக்குப் போன் செய்தேன். உனக்குத் தெரியாதது அன்று பரிசோதனை முடிவுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னது. "ஏன் இத்தன நாள் சொல்லலை?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவள் சொன்னாள்: "செந்திலுகிட்ட சொன்னேங்க."

"என்னன்னு சொன்னே?" என்றேன். "பொம்பள சமாச்சாரம், ஆம்பளப் புள்ளகிட்ட எப்டிச் சொல்றதுன்னு இருந்திச்சி. அதான் சுத்தி வளச்சி, கையத் தூக்குனா ஒரு கரிக்கட்டி கணக்காத் தட்டுதுடா செந்திலுன்னேன். அவன் இன்னா சொன்னான் தெரியுமா? கரிக்கட்டியா? அதெல்லாம் எதுக்கும்மா இன்னும் வச்சிக்கினு இருக்க, அதான் கேஸு இருக்குதுல்லன்னான்." இதைச் சொல்லும்போது அந்த வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அவள் சிரித்தாள், செந்தில். "அவனுக்கும் கூச்சம் போல, ஜோக்கா மாத்திட்டான். சின்னதுலேருந்தே அப்டித்தான, நான் பயந்தா சிரிக்க வச்சிருவான். நான் விடல. ஒண்ணும் இல்லல்லடான்னேன். ஒண்ணும் இல்லம்மா, நீ கவலப்படாதன்னான். புள்ள சொல்றானேன்னு எனக்கும் மனசு ஆறிப்போச்சி."

நீ அந்த மெஷினுக்கு நம் வீட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தாய். நெய்வேலியைச் சொல்லிக் கொடுத்திருந்தாய். பிளாக், மைன்ஸ், ஷிஃப்ட், கேஸ் வருவதற்கு முன்னால் நாம் கரிக்கட்டி போட்டு அடுப்பெரித்தது, அந்தப் புகையில் அம்மா இருமியது, எல்லாவற்றையும். வேறு ஊர்க்காரன் எவனாவது செய்திருந்தால் அந்த மெஷினுக்குக் கரிக்கட்டி என்ன என்றே தெரிந்திருக்காது. "என்னம்மா சொன்ன? புரியலையே" என்று திருப்பிக் கேட்டிருக்கும். அவளும் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லியிருப்பாள். நீ ஆசையாகச் சொல்லிக் கொடுத்ததால் அதற்குத் தெரிந்திருந்தது. தெரிந்த சொல் வந்ததும், அவள் மார்புக் கட்டியை அடுப்புக் கரி என்று பிடித்துக்கொண்டது. காய்ச்சல், மயக்கம், நெஞ்சுவலி என்று அவள் சொன்னால் உனக்குத் தகவல் வரும்படி வைத்திருந்தாய் என்று பிறகு நீயே சொன்னாய். அன்றைக்கு மெஷின் உனக்கு அனுப்பிய குறிப்பில் அம்மா அடுப்பைப் பற்றிப் பேசினாள் என்று இருந்திருக்கும். நீயும் படித்துவிட்டு, நல்லது, சமைக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய்.

வராந்தாவில் நான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சொல்லாவிட்டால், தன் மகனுக்கு விஷயம் தெரியும், தெரிந்தும் அவன் விளையாட்டாக விட்டுவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டு போவாள். சொன்னால், தினமும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிய அத்தனை சாயங்காலமும் அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று தெரிந்துகொண்டு போவாள். எதை எடுத்துக்கொண்டு போனால் அவளுக்குப் பாரம் குறைவு? முறைப்படி யோசித்துப் பழகியவன் நான், ஒன்றை ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். முடிவுக்கு வரும் முன்னால் நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். முடிவே எடுக்காமல் நான் எடுத்த முடிவு அது. டாக்டரிடம் மட்டும் தனியாகக் கேட்டேன், முன்பே வந்திருந்தால் என்று. "வந்திருக்கலாம். ஆனா அதனால என்ன மாறியிருக்கும்னு இப்ப யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். நல்ல மனிதர். எனக்காகச் சொன்னாரா, உண்மைதானா என்று தெரியாது.

நீ வந்தாய். வேலையை எல்லாம் போட்டுவிட்டு வந்து, அவள் இருந்தவரை பக்கத்திலேயே இருந்தாய். கஞ்சி ஊட்டினாய், கால் பிடித்துவிட்டாய். அதில் உனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாள் மத்தியானம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ, "ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்று அழுதாய். அவள் உன் தலையைத் தடவிக்கொண்டே, "நான்தான் சொன்னேனேடா. கரிக்கட்டின்னேன். நீதான் கேஸு இருக்குதுல்லன்னு நக்கல் பண்ண, கழுத. போவுது வுடு, உனக்கு இன்னா தெரியும்" என்றாள். நீ ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான், "மருந்து மயக்கம்ப்பா. ஏதேதோ பேசுறா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதிர்த்துப் பேசக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது மருந்து மயக்கம் இல்லை, செந்தில். அவள் முழு நினைவோடுதான் பேசினாள். உன்னைக் குற்றம் சொல்லக்கூட இல்லை, மன்னித்துக்கொண்டிருந்தாள். அந்த மன்னிப்பை உன்னிடம் சேரவிடாமல் நான் நடுவில் பிடுங்கிவிட்டேன். உனக்கு அந்த நேரத்தில் வலிக்கக் கூடாது என்றுதான் செய்தேன். ஆனால் அவளைப் புத்தி பேதலித்தவளாக ஆக்கிவிட்டு அதைச் செய்தேன். காரியம் எல்லாம் முடிந்து நீ கிளம்பிய காலையில், கார் வந்து வாசலில் நிற்க, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "தினமும் அம்மாகிட்ட பேசினது நான் இல்லைப்பா" என்று உடைந்து அழுதாய். "தெரியும்பா" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். மீதியையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தார், பிளைட்டுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி, ஒரு பழைய எக்ஸ்சேஞ்ச்காரன் உன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன், அதிகப்பிரசங்கம் என்றால் விட்டுவிடு. எங்கள் மெஷின்களுக்கு அறிவு கிடையாது. ஆனால் அவற்றுக்கு ஒரு குணம் இருந்தது. லைன் போகவில்லை என்றால் போகவில்லை என்று 'ங்ங்ங்' என்று ஒரே சீராக ஒரு ஒலி கொடுக்கும். கேட்பதற்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கம் ஆள் இருப்பது போல நான் செய்தது ஒரே ஒரு முறை, உன் அம்மாவின் குரலை வைத்து. அதைத்தான் நீ பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் போயிருக்கிறாய். உன்னுடையது எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அதற்குச் சொல்லிக்கொடு. தான் யார் என்று சொல்லிவிட்டுப் பேசச் சொல்லிக்கொடு. "ஒண்ணும் இல்லம்மா, கவலப்படாத" என்று சொல்லும் உரிமையை மட்டும் அதற்குக் கொடுக்காதே. பெற்ற பிள்ளை சொல்ல வேண்டிய வார்த்தை அது. சொன்னால் அம்மாக்கள் நம்பிவிடுவார்கள்.

நீ கேட்டதற்கு என் பதில்: வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன். அம்மாவின் குரலை எடுக்காதே. தனிமை எனக்கு இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். சமைத்ததில் பாதி மிஞ்சிப்போகிறது. சாயங்காலம் போன் அடிக்காதபோது வீடு ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டு, "ஏங்க, சாப்டீங்களா?" என்று கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்பதுதான் என் பயம். அவளிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் அதனிடம் கேட்க ஆரம்பித்துவிடுவேன். அதுவும் ஏதாவது சொல்லும். நான் நம்பிவிடுவேன். உயிரோடு இருந்தவளைக் கேட்காதவன், செத்த பிறகு அவளைப் போலப் பேசும் ஒன்றிடம் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்வது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று படுகிறது. தப்பாகவும் இருக்கலாம், என் தீர்மானங்களில் எனக்கு எப்போதும் அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை.

பதிவுகளை அழித்துவிடாதே. அவை உன்னுடையவை. உன்னை நினைத்து, உன்னிடம் பேசியவை. கேட்க ஆள் இல்லாத நேரத்தில் பேசப்பட்டவை என்பதால் அவை உனக்கு உரியவை இல்லை என்று ஆகிவிடாது. ஒருநாள் நீ எல்லாவற்றையும் கேட்கத்தான் வேண்டும். என் விருப்பத்தைக் கேட்டால், லீவு போட்டதுதான் போட்டாய், அங்கே உட்காராமல் இங்கே வந்து உட்கார். இரண்டு பேருமாகக் கேட்போம். வர முடியாது என்றால், நீ அங்கே கேட்கும்போது எனக்குப் போன் போட்டு லைனை அப்படியே வைத்திரு. நீ எதுவும் பேச வேண்டாம், அழுதாலும் பரவாயில்லை. நான் வைக்கமாட்டேன்.

இதில் எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தக் கட்டியைப் பற்றி அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் வராந்தாவில் கேட்டேனே, அதற்கு உன்னிடம் சொன்னேன் என்றாளே தவிர, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அதைத் திரும்பக் கேட்கும் தைரியம் கடைசிவரை எனக்கு வரவில்லை. அவ்வளவு பேசியிருக்கிறாள், உன் குரல் கேட்கக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிவுகளில் எங்காவது அதற்குப் பதில் இருக்கும். அப்பாகிட்ட சொல்லாதடா, அவரு தாங்கமாட்டாரு என்று சொல்லியிருக்கலாம். அவருகிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது என்றும் சொல்லியிருக்கலாம். எதுவாக இருந்தாலும், என் வயதைப் பார்த்து மறைக்காதே. அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, உன் வாயால் எனக்குச் சொல்.

உன் அப்பா